விரற்கடைத் தண்ணீர்

பலகை போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. பையன் மட்டும் போய்க்கொண்டிருந்தான். ஓர் எட்டு காற்றில், அடுத்த எட்டு முழங்காலில், அதற்கப்புறம் முகம். எழுந்து உட்கார்ந்தபோது மூக்கு நுனியில் மணல், பல்லில் மணல், புருவத்தில் ஒரு கிளிஞ்சல் துணுக்கு.

"தண்ணி இல்லாத எடத்துல போட்டா அது எங்கடா போவும்?" என்றான் சொல்லிக்கொடுப்பவன்.

"தண்ணி இருந்திச்சிண்ணா."

"இருந்திச்சி. நீ வர்றதுக்குள்ள போயிடிச்சி."

மரக்காணத்தை அடுத்த ஒரு குப்பம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 120 கிலோமீட்டர் வந்தால் இரு பக்கமும் உப்பளங்கள் விரியும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு வரப்பாக உப்புக் குவியல். சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி உப்பங்கழியைக் கடந்தால் சவுக்கு, பனை, வீடுகள், மணல்மேடு. அதற்கப்புறம் கடல். சித்திரை மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். இந்தக் குப்பத்துக்கு அது பொருந்தாது; இங்கே உள்ளவை ஃபைபர் படகுகள். விடியுமுன் போய்த் திரும்பி, மணலில் மூக்கை ஏற்றிக்கொண்டு நிற்கின்றன. பெரியவர் ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் பொத்துகிறார். நெத்திலி காய்கிறது. காக்காய்க்குக் காவலாக ஓர் ஆயா. பள்ளிக்கூடம் லீவு. ஆகவே பிள்ளைகள் எல்லாரும் கரையில்.

ஒரு படகின் நிழலில் நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சொல்லிக்கொடுப்பவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் மங்கிப்போன நீல முழுக்கைச் சட்டை, உடம்போடு ஒட்டிய வகை. புதுச்சேரிப் பக்கம் ஒரு சர்ஃபிங் பள்ளியில் வேலை என்பதும், லீவு நாளில் ஊருக்கு வருகிறவன் என்பதும் பிள்ளைகளின் பேச்சில் தெரிந்தது. பைக்கின் பக்கவாட்டில் கட்டி எடுத்துவந்த ஸ்கிம் பலகை ஒன்று அவனுடையது. முட்டை வடிவம். நிறுத்தினால் நெஞ்சு உயரம் வரும். முன்பக்கம் கொஞ்சமாக மேலே வளைந்திருந்தது. சர்ஃப் பலகைக்கு அடியில் இருக்கும் ஃபின் இதற்குக் கிடையாது. அடிப்பாகம் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது. இன்னொரு பலகை பையன்களே செய்தது. படகு வேலையில் மிச்சமான பிளைவுட்டை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, மேலே ரெசின் பூசியிருந்தார்கள். வளைவு இல்லாததால் அது அடிக்கடி மூக்கால் மணலைக் குத்தியது.

பாடம் பலகையில்லாமல்தான் தொடங்கியிருக்கிறது. ஈரமணலில் கரையோரமாக ஓடு. அலை ஏறி வந்து, மேலே போய் நின்று, திரும்பத் தொடங்கும் அந்த நேரத்தில் கால் ஓட்டத்தில் இருக்க வேண்டும். அலை வரும்போது ஓடுகிறவன் முழங்கால் நீரில் மாட்டிக்கொள்வான். முழுக்கத் திரும்பிய பின் ஓடுகிறவனுக்கு மணல்தான் மிச்சம். நடுவில் சில நொடி, மணல்மேல் ஒரு விரற்கடைத் தண்ணீர் கண்ணாடியாகப் படர்ந்து நிற்கும். அதுதான் களம்.

அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்தவள், பலகையைத் தொடவே தொடாத ஒரு சிறுமி. ஆறு வயதிருக்கலாம். அண்ணன்களின் செருப்பையெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் "இப்ப... இப்ப இல்ல... இப்போ!" என்று கத்தினாள். அவள் சொன்ன 'இப்போ' ஒன்றுகூடத் தவறவில்லை. அதைக் கேட்டு ஓடியிருந்தால் பாதி விழுப்புண் மிச்சமாகியிருக்கும். தங்கச்சி பேச்சைக் கேட்கிற அண்ணன் எந்தக் குப்பத்தில் இருக்கிறான்?

இரண்டாவது பாடம், ஆளில்லாமல் பலகையை மட்டும் ஓடவைப்பது. ஒரு கை பின்னோரத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பக்கவாட்டை. குனிந்து ஓடிக்கொண்டே, தரைக்கு மிக அருகில், முன்னால் தள்ளிவிட வேண்டும். "தூக்கிப் போடாத. மட்டமா விடு. சாய்ச்சா மூக்கு குத்தும்." சரியாக விட்டால் பலகை தானாக இருபதடி ஓடுகிறது. தவறாக விட்டால் அங்கேயே சுருண்டு நிற்கிறது. இதை மட்டுமே அரை மணி நேரம் செய்யவைத்தான். பெரிய பையன்களுக்குப் பொறுமையில்லை. ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்: "ஏறதுக்குத் தானே வந்தோம்."

மூன்றாவதுதான் ஏறுவது. அங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது.

முணுமுணுத்தவன் அந்தக் கூட்டத்தில் பெரியவன். பதினாறு இருக்கும். தோளைப் பார்த்தாலே படகு தள்ளுகிறவன் என்று தெரியும். நீச்சலில் அவனை அடிக்க அங்கே ஆளில்லை. சற்று முன்னர்தான் வலைமிதவை ஒன்றை எடுக்க அலைமுறிவைத் தாண்டிப் போய் அலட்டிக்கொள்ளாமல் திரும்பினான். அவனால் பலகையில் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வேகமாக ஓடினான், சரியாக விட்டான், உடனே தாவினான். தாவியதும் பலகை முன்னால் பீறிட்டுப் போக, அவன் முதுகு மணலில் அறைந்தது. திரும்பவும். திரும்பவும்.

"எகிறாத! எகிறாத! நட!"

"நடந்தா எப்டிண்ணா ஏறது?"

"ஓடிக்கினே இரு. அடுத்த அடிய மண்ணுல வைக்காம பலக மேல வையி. அம்புட்டுதான்."

அம்புட்டுதான். ஆனால் அந்தப் பையன் ஆறேழு வயதிலிருந்து படகேறிப் பழகியவன். அலைவாயில் படகைத் தள்ளி, அது மிதக்கிற கணத்தில் கையை ஊன்றி எகிறி உள்ளே விழ வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் படகு போய்விடும், அல்லது குறுக்கே திரும்பிக் கவிழும். அவன் காலில் இருப்பது அந்தப் பாடம். பலகைக்கு வேண்டியது நேர் எதிரானது: உடம்பு மேலே எழும்பவே கூடாது, ஓட்டத்தின் வேகமும் பலகையின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் கால் நடுவில், மறுகால் உடனே அதன்பின். எடை பின்னுக்குப் போனால் பலகை வழுக்கிப் போய்விடும். முன்னுக்குப் போனால் மூக்கு புதையும். முட்டி மடங்கியிருக்க வேண்டும், பார்வை பலகையில் இருக்கக் கூடாது. "கீழ இன்னா இருக்கு? அந்தாண்ட அந்தப் பச்சை போட்டப் பாரு."

ஒரு தொழிலின் திறமை இன்னொன்றுக்குத் தடையாவதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒன்பது மணிவாக்கில் ஒரு வெள்ளைக் கார் மணல்மேட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. சென்னைக்காரர்கள். அப்பா, பதினாலு வயது மகன். மகன் கையில் புதுப் பலகை, உறை பிரித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். குப்பத்துப் பையன்கள் வட்டமாகக் கூடிவிட்டார்கள். யாரும் தொடவில்லை; பார்த்தார்கள். அப்பா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஜம்ப் பண்ணு கண்ணா, ஜம்ப்!" என்று உற்சாகப்படுத்தினார். மகன் ஜம்ப் பண்ணினான். விழுந்தான். சொல்லிக்கொடுப்பவன் குறுக்கிடவில்லை. காசு வாங்காத இடத்தில் வாய் திறப்பதில்லை என்ற தொழில் மரியாதையாக இருக்கலாம். நாலைந்து முறை ஆன பிறகு அப்பாவே வந்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அவன் முதலில் செய்தது புதுப் பலகையைத் திருப்பிப் பார்த்தது. விரல் மடக்கித் தட்டினான். ஓரத்தை நகத்தால் தடவினான்.

"நம்ம போட்டு செய்யிற சரக்குதான் சார் இது. உள்ள ஃபோம், மேல மேட்டு, ரெசின்."

அப்பா நம்பவில்லை என்று முகம் சொன்னது. ஆனால் சொன்னது சரி. 2004 சுனாமி இந்தக் கரையின் கட்டுமரங்களைக் கொண்டுபோன பிறகு, நிவாரணமாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். அவை உடைய, உடைய, ஒட்டுப்போடும் வேலை குப்பங்களுக்குள்ளேயே கைத்தொழிலாகிவிட்டது. கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து, இறுகுவதற்குள் உருளையால் தேய்த்துக் காற்றுக் குமிழை வெளியேற்றத் தெரிந்தவர்கள் இங்கே தெருவுக்கு இருவர் உண்டு. கலிபோர்னியாவில் ஸ்கிம் பலகை செய்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தையின் பெரும்பகுதி அதுதான்.

கலிபோர்னியா என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த விளையாட்டு அங்கே லகுணா பீச் என்ற ஊரில் 1920-களில் பிறந்தது. கரையைக் காவல் காத்த உயிர்காப்பாளர்கள் மரப்பலகையை ஈரமணலில் வழுக்கவிட்டு ஏறியதில் தொடக்கம். ஐம்பது ஆண்டு அது மரமாகவே இருந்தது. 1976-இல் அதே ஊரில் விக்டோரியா என்ற நிறுவனம் ஸ்கிம் பலகைத் தொழிலில் இறங்கியது. ஃபோமும் ஃபைபரும் சேர்ந்து பலகையின் எடையைக் குறைத்த பிறகு, மணலில் வழுக்கியவர்கள் கடலுக்குள் ஓடி, வருகிற அலையைச் சந்தித்து, அதன்மேல் திரும்பிக் கரைக்கு வரத் தொடங்கினார்கள். சர்ஃபிங்கில் அலை ஆளைக் கரைக்குக் கொண்டுவருகிறது. இதில் ஆள் கரையிலிருந்து அலைக்குப் போகிறான். செங்குத்தாகச் சரியும் கரையும், கரையருகிலேயே மடிந்து உடையும் அலையும் அதற்கு வேண்டும். சோழமண்டலக் கரைக்கு இரண்டும் உண்டு.

நம் பக்கம் சர்ஃபிங் வளர்ந்த கதை பலருக்குத் தெரியும். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய பள்ளி, மீனவப் பிள்ளைகளுக்குப் பலகையைக் கையில் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டியே நடந்தது. ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். அந்த வெளிச்சம் ஸ்கிம்மின் மேல் விழவில்லை. பிலிப்பைன்ஸில் விழுந்திருக்கிறது. அங்கே மாத்தி நகரத்தை ஒட்டிய டஹிகான் கடற்கரையில் 'அமிஹான்' என்ற குழு, வசதியற்ற கரையோரப் பிள்ளைகளுக்கு ஸ்கிம் பலகை கற்றுக்கொடுத்து, அதே பிள்ளைகளைக் கொண்டு ஆமை முட்டைகளையும் காக்கிறது. நம் பங்குனி ஆமையும் இந்தக் கரையில்தான் தை முதல் பங்குனி வரை முட்டையிட ஏறுகிறது. பலகையும் பிள்ளைகளும் ஆமையும் இங்கேயும் இருக்கிறார்கள். சேர்த்துவைக்க ஓர் ஆள் வேண்டும்.

சென்னைப் பையன் இப்போது கேட்கும் நிலைக்கு வந்திருந்தான். "ஏன் நிக்குது? ஸ்பீடாதானே ஓடறேன்."

"ஓடற. ஏறப்ப நிக்கிற."

இதற்குமேல் அவன் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படுவது நமக்குத்தான். மழை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் சில சமயம் தாரைத் தொடாமல் தண்ணீரின் மேலேயே ஏறிவிடும். ஸ்டியரிங் பிடி கொடுக்காது. கீழே மாட்டிய நீர் பக்கவாட்டில் ஒதுங்க நேரமில்லாததால் அது எடையைத் தாங்கிவிடுகிறது. பலகையும் அப்படித்தான் ஓடுகிறது. வேகம் இருக்கும்வரை அந்த விரற்கடைத் தண்ணீர் ஐம்பது, அறுபது கிலோ ஆளைச் சுமக்கும். வேகம் குறைந்த நொடியில் நீர் பிதுங்கி வெளியேறும், பலகை மணலைக் கவ்வும். தாவுகிறவன் தாவுவதற்காக ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்துகிறான். அந்த ஒரு கணம் போதும்.

சற்றுத் தள்ளி, கூட்டத்தில் சேராமல் ஒரு பையன் நின்றிருந்தான். பன்னிரண்டு வயதிருக்கும். கெண்டைக்கால்வரை வெள்ளைக் கோடு. உப்புநீர் காய்ந்த தடம். சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளை. அங்கே வேலை வெயிலுக்கு முன்பே, விடிவதற்கு முன்பே தொடங்கி முற்பகலில் முடிந்துவிடும். லீவில் அவனும் கூடப் போய்விட்டு, உடம்பைக் கழுவக் கடலுக்கு வந்திருக்கிறான் போல. கடற்கரைப் பிள்ளைகளும் உப்பளப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவது அபூர்வம் என்பதை, அவன் நின்ற தூரமே சொன்னது. "டேய் உப்பு, இன்னா பாக்கற?" என்றான் ஒருவன். பகையாகச் சொல்லவில்லை, நட்பாகவும் சொல்லவில்லை.

சொல்லிக்கொடுப்பவன் தலையசைத்தான். "வரியா?"

வந்தான். பிளைவுட் பலகையைத்தான் எடுத்தான். ஓட்டம் பெரிய வேகமில்லை. ஆனால் பாதம் வைத்த விதம் வேறாக இருந்தது. குதிகால் ஊன்றாமல், விரலும் ஊன்றாமல், உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் படிந்தது. பலகைக்கு மேலும் அதே நடைதான். ஒரு படகு நீளம் போனான். பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். யாரும் கைதட்டவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

என் ஊகம் இது: உப்பளத்தில் நடக்கிறவன் குதித்து நடக்க முடியாது. சீசன் தொடங்குமுன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள், உப்புநீர் உள்ளே இறங்காமலிருக்க. அந்த வழவழத்த தரையில், அதன்மேல் நிற்கிற மெல்லிய நீரில், எடையைப் பாதம் முழுக்கப் பரப்பித்தான் நடக்க வேண்டும். கடல்நீர் அங்கே மூன்று டிகிரியில் நுழைகிறது. தெப்பத்தில் தேங்கி, பாத்தி மாறி, பாத்தி மாறி, வெயிலும் காற்றும் குடித்தது போக 25 டிகிரி ஏறினால் உப்பு பூக்கும். டிகிரி என்று அவர்கள் சொல்வது நீரின் அடர்த்தியை. மிதக்கும் கண்ணாடிக் குழாயில் பார்ப்பார்கள். நீர் ஆழமாக நின்றால் உப்பு வராது. மெல்லிய நீரோடு பழகுவதுதான் அந்தத் தொழில். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நெய்தல் நிலத்தில் உப்பு எவ்வளவு பழைய தொழில் என்று சொல்லத் தேவையில்லை. அத்தனை தலைமுறை நடை ஒரு பையனின் காலுக்கு வந்துவிடும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. இந்தப் பள்ளி விடுமுறையின் சில வாரங்களே போதுமாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை அவன் ஒழுங்காக விழுந்தான், முழங்கை சிராய்த்தது. சொல்லிக்கொடுப்பவன் அவனை நிறுத்தி விழுவதற்குப் பாடம் எடுத்தான்: கையை நீட்டி ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும், உடம்பைத் தளரவிட்டுத் தண்ணீர்ப் பக்கமாக உருளு. அதற்குள் சென்னைப் பையன், யாரும் சொல்லாமலே, உப்புப் பையனின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தான். அவனது அடுத்த ஓட்டத்தில் தாவல் இல்லை. பத்தடி போயிருப்பான். அப்பா "சூப்பர்!" என்று கத்தியதில் திரும்பிப் பார்த்து விழுந்தான்.

பெரியவன் இன்னும் எகிறிக்கொண்டிருந்தான். கடைசியில் சலித்துப்போய்ப் பலகையை மணலில் செருகிவிட்டு, "இது வேலைக்கு ஆவாது" என்று கடலுக்குள் போய் மல்லாந்து மிதந்தான். அதில் ஒரு கம்பீரம் இருந்தது.

தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தபடி அப்பா கேட்டார்: "வேலை பாக்கற எடத்துலயே சொல்லிக் குடுக்கலாமே, ஏன் இவ்ளோ தூரம்?"

"அங்க ஓட எடம் இல்ல சார். கல்லுதான் கெடக்கு."

ஒரே வரி. பின்னால் நாற்பது ஆண்டுக் கதை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. வடக்கே இருந்த கரைகள் மணல் வரவில்லாமல் கரைந்தன. வீடுகளைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அடுத்த குப்பம் கரையத் தொடங்கியது. அங்கேயும் கல். புதுச்சேரியிலிருந்து வடக்கே வரும் குப்பங்கள் பலவற்றில் படகேற்றவே மணல் இல்லை. மரக்காணம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கிறது. ஸ்கிம் பலகைக்கு வேண்டியது பெரிய அலையோ ஆழமோ அல்ல. சரிவாக, ஈரமாக, தடையில்லாமல் கிடக்கும் ஐம்பது அடி மணல். ஒரு கரை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறிவிட்டது. மணல் சுடத் தொடங்கினால் ஓட முடியாது. உப்புப் பையனை அவன் அம்மா சவுக்குத் தோப்பின் ஓரத்திலிருந்து கூப்பிட்டாள். பலகையைக் கொடுத்துவிட்டுப் போனான். கார் கிளம்பியது. சொல்லிக்கொடுப்பவன் தன் பலகையை நல்ல தண்ணீரில் கழுவினான், மணல் ஒட்டினால் அடிப்பாகம் கீறும் என்பதற்காக. ஆயா நெத்திலியைத் திருப்பிப் போட்டாள்.

இதைப் படித்துவிட்டுப் பலகையோடு புறப்படுகிறவர்களுக்குச் சில சொற்கள். மாசியிலிருந்து சித்திரைவரை வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், வடகிழக்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் ஆளை இழுக்கும். முழங்காலுக்குமேல் நீரில் இறங்காதீர்கள். நான் இருந்த அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. வலை விரித்திருக்கும் இடத்திலும் மீன் காயும் இடத்திலும் ஓடாதீர்கள். இறங்குமுன் குப்பத்தில் யாரையாவது கேளுங்கள். எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் பிள்ளை பயன்படுத்தி ஒதுக்கிய பலகை ஏதும் இருந்தால் திரும்பக் கொண்டுபோக வேண்டாம், அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். விரிசல் இருந்தாலும் பரவாயில்லை. ஒட்டுப்போட அவர்களுக்குத் தெரியும்.